‘நல்லா இருந்துச்சு’க்கு அப்புறம்: இணையக் கச்சேரியில் கருத்து சொல்லவும் கேட்டுக்கொள்ளவும் ஒரு வழிகாட்டி

ஞாயிறு ராத்திரி ஏழரை மணிக்கு நாங்கள் 11 பேர் ஜூமில் கூடுவோம். பாளையங்கோட்டையிலிருந்து நான், விக்கிரமசிங்கபுரத்திலிருந்து புல்லாங்குழல் அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சி வீணை அக்கா, சர்ச் பாடகர் குழுவில் இருபது வருடம் பாடிய ஒரு டீச்சர், ஷார்ஜாவில் கணக்கு வேலை பார்க்கும் கடையநல்லூர்த் தம்பி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, இப்படி. யாருக்கும் இது பிழைப்பு இல்லை. ஆளுக்கு ஒரு பாட்டு, 7 நிமிடத்துக்கு மிகாமல்.

முதல் ஆறு மாதம் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஒரே கதைதான். பாடியவர் கண்ணைத் திறப்பார். பத்துக் கட்டத்தில் பத்து முகம், எல்லாம் மியூட்டில். இரண்டு பேர் கை தட்டுவது தெரியும், சத்தம் வராது. ஒருவர் மியூட்டை எடுக்கத் தடுமாறி, “கேக்குதா? ஆங், நல்லா இருந்துச்சு” என்பார். அரட்டைப் பெட்டியில் நான்கு ‘சூப்பர்’, ஒரு ‘அருமை’. அடுத்த ஆள்.

திருவிழாக் கச்சேரியில் முன்வரிசையில் தொடையில் தாளம் போடும் கை, சரியான இடத்தில் விழும் ஒரு ‘ஆகா’, ராகம் இழுத்துக்கொண்டே போனால் எழுந்து காபி குடிக்கப் போகிற மனுஷன், எல்லாமே கருத்துதான். பாடிக்கொண்டிருக்கும்போதே அது பாடுகிறவருக்கு வந்து சேர்ந்துவிடும். இணையத்தில் அது மொத்தமும் அறுந்துபோகிறது. அங்கே சொல்லாமலே புரிந்ததை இங்கே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாங்கள் மூன்று வருடம் முட்டி மோதிக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

1. பாடுவதற்கு முன்னால் ஒரு சீட்டு

கருத்து பாட்டுக்கு அப்புறம் தொடங்குவதில்லை. பாடுகிறவர் முந்தின நாளே குழுவில் ஒரு சின்னக் குறிப்பு போட்டுவிட வேண்டும். நாங்கள் அதைச் சீட்டு என்போம். அதில் இருக்க வேண்டியவை: ராகம், தாளம், சுருதி, எத்தனை நாளாகப் பழகுகிறீர்கள், கேட்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்.

வீணை அக்கா ஒருமுறை போட்ட சீட்டு இது: “ஆபோகி, ஆதி. பாடம் முடிஞ்சு ரெண்டு மாசம். அனுபல்லவியில மேல் ஷட்ஜம் போகும்போது கை தயங்குது, வெளியே தெரியுதான்னு மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் இப்ப வேண்டாம், எனக்கே தெரியும்.” கடைசி வரியைப் பாருங்கள். அந்த ஒரு வரி பத்துப் பேரின் நேரத்தையும் அக்காவின் மனசையும் காப்பாற்றியது.

சீட்டில் இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு எந்த அளவுக்குக் கருத்து வேண்டும்? எங்களிடம் மூன்று சொல் புழங்குகிறது: ‘சும்மா கேளுங்க’, ‘ஒண்ணே ஒண்ணு’, ‘பிரிச்சு மேயலாம்’. ‘சும்மா கேளுங்க’ என்று போட்டவரிடம் பிழை சொல்லக் கூடாது, எவ்வளவு பெரிய பிழையாக இருந்தாலும். அப்பா இறந்து மூன்று மாதம் கழித்து முதல் முறையாகத் தம்புராவைப் போட்டுப் பாட வந்தவரிடம், கமகம் (சுரத்தை அசைத்துப் பாடும் விதம்) பிசகியதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? மூன்றாவதைப் போடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். அதைப் போட்டுவிட்டு அப்புறம் முகம் சுருங்குகிறவர்களும் உண்டு. நானே சுருங்கியிருக்கிறேன்.

2. மனுஷனுக்கு முன்னால் மெஷினைச் சரிசெய்யுங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் குழுவின் பெரிய மனஸ்தாபமே இதில்தான் வந்தது.

அண்ணாச்சி அன்றைக்கு மோகன வர்ணம் வாசித்தார். கார்வை பிடிக்கும், அதாவது ஒரே சுரத்தில் நீளமாக நிற்கும், இடங்களில் எல்லாம் சத்தம் தேய்ந்து தேய்ந்து அணைந்தது. எனக்குப் பெரிய ஞானம் வந்துவிட்டது. “அண்ணாச்சி, மூச்சு பத்தலைன்னு நினைக்கேன். நீளமா நிறுத்த முடியலை பாருங்க” என்றேன், பத்துப் பேர் முன்னால். 61 வயது மனுஷர், முப்பது வருடமாகக் குழல் ஊதுகிறவர். “சரி தம்பி” என்றார். அதோடு இரண்டு மாதம் வரவில்லை. பிறகு அவர் மகள் வேறு எதற்கோ அனுப்பிய ஒலிப்பதிவு ஒன்று என் கைக்கு வந்தது. அதே நாள், அதே வாசிப்பு, அவர் பக்கத்தில் இருந்த இன்னொரு போனில் பதிவானது. கார்வை கோயில் விளக்கு மாதிரி ஆடாமல் நின்றது. மூச்சு அவருக்குப் பற்றாமல் போகவில்லை. நீளமாக, ஒரே சீராக வரும் சத்தத்தை ஜூம் ‘இரைச்சல்’ என்று முடிவு கட்டி அமுக்கியிருக்கிறது. மின்விசிறிக்கும் குழலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

இந்தச் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. பேச்சு விட்டு விட்டு வரும். தம்புரா விடாமல் ஒலிக்கும். அதனால் முதல் பலி தம்புராதான். ஜூமில் ஆடியோ அமைப்புக்குள் போய் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்பதை இயக்குங்கள். கூட்டத்துக்குள் வந்த பிறகும் அது வேலை செய்கிறதா என்று திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு செயலி என்றால் இரைச்சல் நீக்கும் வசதி எங்கே இருக்கிறது என்று தேடி அணையுங்கள்.

புளூடூத் இயர்போன் வேண்டாம். மைக்கும் சேர்ந்து வேலை செய்யும்போது பெரும்பாலானவை போன் பேசும் தரத்துக்கு இறங்கிவிடும். வயர் போட்ட சாதாரண இயர்போன் எவ்வளவோ மேல். தம்புரா செயலியை வேறொரு போனில் போட்டு, மைக்கில் இருந்து இரண்டு அடி தள்ளி வையுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு முழம் இடைவெளி போதும். மேல் ஸ்தாயியில் சத்தம் உடைந்தால் இன்னும் கொஞ்சம் பின்னால் நகருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒரு காரியம்: உங்கள் பக்கத்திலேயே இன்னொரு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதை அன்று ராத்திரியே குழுவில் போடுங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள், அப்போதுதான் கோப்பு நசுங்காமல் போகும். நுணுக்கமான கருத்து எதுவானாலும் இந்தப் பதிவைக் கேட்டுவிட்டுத்தான். நேரலையில் கேட்டதை வைத்து இல்லை. அண்ணாச்சி விஷயத்துக்குப் பிறகு போட்ட சட்டம் இது.

அப்புறம் தாளம். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் மிருதங்கத்தின் சத்தம் உங்களை எட்ட ஏறக்குறைய 29 மில்லிவிநாடி. அதற்கு மேலே போனாலே சேர்ந்து வாசிப்பது சங்கடம். இணையத்திலோ ஒரு வழிக்கே 150 மில்லிவிநாடி சர்வ சாதாரணம். பாட்டு என்னிடம் வர 150, நான் போடும் தட்டு அவர் திரையில் தெரிய இன்னொரு 150. விநாடிக்கு ஓர் அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) என்ற காலப்பிரமாணத்தில், கால் அட்சரத்துக்கும் மேல் நான் பிந்தித் தெரிவேன். ஆகவே கேட்பவர்கள் திரையில் தெரியும்படி தாளம் போடாதீர்கள். பாடுகிறவரைக் குழப்பும். தாளம் போடாமல் இருக்க முடியாதவர்கள் (நம்மூரில் நிறையப் பேர்) கையைக் கேமராவுக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம்.

3. இரண்டு முறை கேளுங்கள்

முதல் முறை சும்மா. பேனா, நோட்டு எதுவும் வேண்டாம். பாட்டு பாட்டாக உங்களிடம் வந்து சேர்ந்ததா என்பது இந்த முறைதான் தெரியும். இரண்டாம் முறை பதிவைப் போட்டு, நிமிடமும் நொடியும் குறித்துக்கொண்டு கேளுங்கள்.

நேரலையில் கேட்டதையே சொல்ல வேண்டி வந்தால், இது ஆளுடையதா நெட்டுடையதா என்று பிரிக்கத் தெரிய வேண்டும். எங்கள் அனுபவத்தில் கணக்கு இப்படி. வேகம் திடீரென்று தாவினாலோ ஓர் எழுத்து விழுங்கப்பட்டாலோ அது நெட். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடிக்கொண்டே போய்ச் சரணத்தில் ஓட்டமாகிவிட்டால் அது ஆள். சத்தம் தானாக ஏறி இறங்கினால் செயலி. சுருதி மட்டும் நெட்டால் மெல்ல மெல்ல இறங்காது. பல்லவியில் சேர்ந்திருந்தது சரணத்தில் ஒரு நூல் கீழே இருந்தால் அது தொண்டைதான். ஆனால் பாடுகிறவர் காதில் தம்புரா கேட்டதா என்பதையும் விசாரித்துவிடுங்கள். பாதிப் பேர் இயர்போனை மாட்டிக்கொண்டு, அறையில் ஓடும் தம்புராவைக் கேட்காமலே பாடுகிறார்கள்.

4. சொல்லும்போது

இடம், கேட்டது, கேள்வி. இந்த மூன்றும் இருந்தால் போதும்.

“ராக பாவமே இல்லையே” என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகலாம். கேட்டவர் அதை வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் என்ன சாதகம் செய்வார்? அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “3:12-ல மேல ஏறும்போது ‘ப த நி ஸ’ன்னு என் காதுல விழுந்துச்சு. காம்போஜி ஏறும்போது நிஷாதம் கிடையாதே, அது தெரிஞ்சு போட்டதா, தானா வந்துட்டுதா?” இதைக் கேட்டவர் அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அது ‘ஸ நி ப த ஸ’ பிரயோகமாக இருந்தால், “இல்லை, அது காம்போஜிக்கே உரிய பிடிப்பு” என்று உங்களுக்குத் திருப்பிச் சொல்லவும் வழி இருக்கிறது. கேள்வியாகக் கேட்டதால் உங்கள் மானமும் தப்பியது.

கேள்வியாகக் கேட்பதற்கு இன்னொரு காரணம் பாடாந்தரம், அதாவது ஒரே பாட்டு குருவுக்குக் குரு வேறு வேறாகப் பாடம் ஆவது. முத்துசுவாமி தீட்சிதர் கடைசியில் தங்கி, 1835-இல் மறைந்தது எங்கள் பழைய நெல்லை ஜில்லாவின் எட்டயபுரத்தில்தான். அவர் வழிவந்த சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் அச்சானதும் அங்கேயே. அதில் இருக்கும் சுரக் குறிப்பும் இன்றைக்கு மேடையில் பாடப்படுவதும் பல கிருதிகளில் ஒன்று போல இருக்காது. ஒரே கிருதிக்கு இப்படி என்றால், அம்பாசமுத்திரத்தில் ஒரு குருவிடமும் சென்னையில் ஒரு குருவிடமும் பாடம் ஆனவர்கள் வேறு வேறாகப் பாடாமல் என்ன செய்வார்கள்? “தப்பு” என்று சொல்லும் முன், “உங்க பாடம் அப்படியா?” என்று கேளுங்கள். பத்தில் நான்கு தடவை, “ஆமா, எங்க டீச்சர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க” என்றுதான் பதில் வருகிறது.

‘ஆனா’ என்ற சொல்லைப் பற்றி எனக்குத் தனிக் கோபம் உண்டு. “குரல் நல்லா இருந்துச்சு, ஆனா...” என்று இழுத்த உடனே முன்பாதி காற்றில் போய்விடும். நல்லது நிஜமாகவே கேட்டிருந்தால் அதற்கும் இடம் குறித்துச் சொல்லுங்கள்: “1:40-ல பல்லவிக்குத் திரும்பி வந்த எடுப்பு அச்சு மாதிரி விழுந்துச்சு.” முற்றுப்புள்ளி. பிறகு தனியாக அடுத்த விஷயம். நல்லதற்கு இடம் குறிக்க முடியவில்லை என்றால் நீங்கள் அதைக் கேட்கவில்லை, மரியாதைக்குச் சொல்கிறீர்கள். கெட்டதற்குப் பூச்சாக ஒரு நல்லதை வைக்கும் பழக்கத்தை நம் ஆட்கள் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு பாட்டுக்கு ஒரு பிழை போதும். ஏழு இருந்தாலும் ஒன்று. எது முக்கியம் என்று தேர்ந்தெடுப்பது கருத்து சொல்கிறவரின் வேலை, கேட்கிறவரின் தலையில் மூட்டையாக இறக்கக் கூடாது. சுருதி பிசகியிருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள். சுருதி சேராத பாட்டில் சங்கதியைப் பற்றி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதத்தைப் பற்றி) பேசுவது, சுவர் வைக்காத வீட்டுக்குப் பெயின்ட் தேர்ந்தெடுப்பது போல.

வயதும் மரியாதையும் நம் ஊரில் தனிச் சிக்கல். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை என்னிடம், “மாமா, நீங்க ரெண்டாவது நிமிஷத்துக்கு மேல தம்புராவ விட்டுட்டுப் போயிட்டீய” என்று, நான் சுருதி விலகியதைச் சொல்ல ஒரு வருடம் ஆனது. அன்று மற்ற எல்லாரும் “பிரமாதம்” போட்டிருந்தார்கள். அவளுக்குக் கேட்டது அவர்களுக்கும் கேட்டிருக்கும். இதற்கு நாங்கள் கண்ட வழி வரிசையைத் திருப்பிப் போட்டது: கருத்து சொல்வதில் சின்னவர்கள் முதலில், மூத்தவர்கள் கடைசி. பெரியவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் பிறகு அத்தனை பேரும் அதற்கு ஆமாம் போடுவார்கள்.

பிள்ளைகள் பாடும்போது இதற்கு நேர்மாறு. பிழையைக் கூட்டத்தில் சொல்லவே கூடாது. திரைக்கு வெளியே அம்மா உட்கார்ந்திருப்பார். நீங்கள் பூப்போலச் சொன்னது கூட்டம் முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் அங்கே ஏச்சாக மாறும். தனியாக ஒரு வாய்ஸ் நோட்டில், நீங்களே அந்த வரியைப் பாடிக் காட்டி அனுப்புங்கள்.

ஒப்பிட வேண்டாம். நாதஸ்வரம் பழகும் பையன் ஒருவன் எங்களிடம் கொஞ்ச நாள் வந்தான். வாரம் தவறாமல் யாராவது காருகுறிச்சியாரை இழுப்பார்கள். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் இந்த மண்ணின் சொத்து, சந்தேகமே இல்லை. பதினாறு வயதுப் பையனுக்கு அது கருத்தா, பாரமா? அவன் பிறகு வரவில்லை.

உங்கள் அளவுகோலைக் கொஞ்சம் ஓரமாக வைக்கவும் வேண்டும். சர்ச் டீச்சர் முதலில் கீர்த்தனை பாடியபோது நாங்கள் கமகம் இல்லை என்று தேடிக்கொண்டிருந்தோம். அவர் எங்களைக் கேட்டுவிட்டு, “எல்லாரும் வார்த்தைக்கு நடுவுல மூச்சு எடுக்கீங்க” என்றார். அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து ஒன்றை ஷார்ஜா தம்பி பாடிய பதிவைப் போட்டு, எந்த எந்தச் சொல் இரண்டாக முறிந்தது என்று குறித்தும் கொடுத்தார். ஒன்பது இடம். கழுகுமலை முருகன் மேல் பாடிய சிந்துக்கு, தேவாலயப் பாடகர் குழுவில் தேறிய காதுதான் வேண்டியிருந்தது.

5. வாங்கிக்கொள்ளும்போது

வாயைத் திறக்காதீர்கள். இதுதான் கஷ்டம். “ரெண்டு நாளா தொண்டை சரியில்லை”, “கரண்டு போய் வந்துச்சு”, “வீட்டுல நல்லா வந்துச்சு”, எதுவும் வேண்டாம். நிஜமாகவே தொண்டை சரியில்லை என்றால் அது சீட்டில் இருந்திருக்க வேண்டும். சொல்வதை எழுதிக்கொண்டு, “சரி, பாத்துக்கிடுதேன்” என்று ஒரு வார்த்தை. புரியாவிட்டால் மட்டும், “எந்த இடம்?” என்று கேளுங்கள்.

அன்று ராத்திரி அதைத் தொடாதீர்கள். மறுநாள் பதிவைப் போட்டு, சொன்ன இடத்தை மட்டும் கேளுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே இடத்தைக் குறித்திருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது, அவர்கள் சொன்ன காரணம் தப்பாக இருந்தாலும். ஒருவர் வேகம் என்பார், இன்னொருவர் உச்சரிப்பு என்பார். பார்த்தால் மூச்சு எடுத்த இடம் தப்பாக இருக்கும். ஒரே ஒருவர் சொன்னது உங்கள் காதுக்கும் எட்டவில்லை என்றால் ஓரமாக எழுதி வையுங்கள், அவ்வளவுதான்.

குழு சொன்னதற்காகக் குருவின் பாடத்தை மாற்றாதீர்கள். சந்தேகத்தைக் குருவிடம் கொண்டுபோங்கள். “ஒருத்தர் இப்படிச் சொன்னார்” என்று இல்லாமல், “இந்த இடம் எனக்கே சந்தேகமாக இருக்கு” என்று கேட்டால் வீடு அமைதியாக இருக்கும். சில குருமார்களுக்கு மாணவர்கள் இப்படி வெளியே பாடுவதே பிடிக்காது. முதலிலேயே சொல்லி அனுமதி வாங்கிவிடுவது நல்லது.

6. நடத்துகிறவருக்கு

கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 8 பேர், ஆளுக்கு 7 நிமிடம் என்றால் 56 நிமிடம். ஒவ்வொரு பாட்டுக்கும் 5 நிமிடக் கருத்து என்றாலே இன்னொரு 40. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டது, நடுவில் நெட் போய் வந்த நேரம் தனி. அதனால் ஒரு பாட்டுக்கு மூன்று பேர்தான் பேச வேண்டும். யார் என்பதை முன்பே ஒதுக்கிவிடுங்கள், வாராவாரம் மாற்றுங்கள். பெயர் விழுந்தவர் தூங்காமல் கேட்பார். மற்றவர்கள் எழுதி அனுப்பலாம். யாராவது பாடம் நடத்த ஆரம்பித்தால் கூச்சப்படாமல் இடைமறியுங்கள். மூத்தவராக இருந்தால், “அண்ணாச்சி, இதைத் தனியா ஒரு நாள் வச்சுக்கிடுவோம்” என்று சொல்லிப் பாருங்கள், வேலை செய்கிறது.

அதே பாட்டை மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பாட ஒரு இடம் ஒதுக்குங்கள். நாங்கள் மாதத்தின் கடைசி ஞாயிறை அதற்கு விட்டிருக்கிறோம். புதுப் பாட்டு கிடையாது. சொன்ன ஒரு பிழை சரியாகிவிட்டதா என்பதை மட்டும் கேட்போம்.

அண்ணாச்சி திரும்பி வந்ததும் அப்படி ஒரு கடைசி ஞாயிறில்தான். அவர் வீட்டுக்கு நேரில் போய், பதிவைக் கேட்டதையும் என் தப்பையும் சொன்னேன். காபி கொடுத்தார், அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சனிக்கிழமை குழுவில் அவருடைய சீட்டு வந்து கிடந்தது: “மோகனம், ஆதி. அதே வர்ணம். ஒண்ணே ஒண்ணு: கார்வை கேக்குதா? ஒரிஜினல் சவுண்டு போட்டாச்சு, வயரும் மாட்டியாச்சு. இனி மூச்சு பத்தலைன்னா அது நான்தான் தம்பி.”